எரிபொருள் உருண்டைகளை வாயுவால் மீட்டெடுத்தல்

பெரும்பாலான அணு உலைகளில் எரிபொருள் நீண்ட கோல்களாக அமைந்திருக்கும். சில உலைகளிலோ அது உருண்டை வடிவில் நிரப்பப்படுகிறது. இவ்வகையில் முதலாவதான உலை, ருடால்ஃப் ஷுல்டன் என்னும் விஞ்ஞானியின் கருத்தைத் தழுவி ஜெர்மனியின் யூலிஷ் நகரில் நிறுவப்பட்டு, 1967 முதல் 1988 வரை மின்சாரம் அளித்தது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில், ஷிடாவோ வளைகுடாக் கரையில் அமைந்த இரட்டை உலைகள் 2023 டிசம்பரில் வர்த்தக ரீதியில் இயங்கத் தொடங்கின.

ஷிடாவோவில் உலை ஒன்றுக்குச் சுமார் 4,20,000 உருண்டைகள் தேவை. ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் விட்டமும் சுமார் 200 கிராம் எடையும் உள்ள கிராபைட் உருண்டையாகும். அதனுள் ஏறத்தாழ 7 கிராம் யுரேனியம் நுண்மணிகளாகப் பொதிந்துள்ளது. உருண்டைகள் தம் எடையாலேயே உலையின் அடிவாயிலை அடைகின்றன. முற்றும் எரிந்து தீராதவற்றை ஹீலியம் வாயு குழாய் வழியே மீண்டும் உச்சிக்கு ஏற்றுகிறது. முற்றும் எரிந்தவை சேமக் கலங்களுக்குச் செல்கின்றன.

கலத்தில் இட்ட உருண்டையை மீண்டும் எடுக்க நேரிட்டால் என் செய்வது? கதிரியக்கம் மிகுந்த அதனை மனிதன் நெருங்கலாகாது. இளநீரைக் குழலிட்டு உறிஞ்சுவது போல, கலத்தினுள் குழாயை இறக்கி வாயுவை உறிஞ்சினால், உருண்டையும் உடன் ஏறிவரும். இதற்குப் பெரும் விசை வேண்டுவதில்லை. உருண்டையின் குறுக்குப் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். ஆகவே குழாய் உருண்டையின் விட்டத்திற்கு ஒட்டியதாக இருப்பின், அதன் எடையைத் தாங்க வாயுமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த அழுத்த வேறுபாடே போதும்.

இடையூறு வேறிடத்தில் உள்ளது. குழாய் வாயில் உருண்டைகள் ஒன்றையொன்று தாங்கி, வளைவுபோல் நின்று வழியை அடைத்துவிடக்கூடும். வேகமாக மோதினால் அவை உடையலாம். உராய்வினாலோ கிராபைட் தூசி உண்டாகும். ஜெர்மனியின் ஹாம் நகருக்கருகே இருந்த உலையில், 1986 மே 4 அன்று உருண்டைகளைச் செலுத்தும் குழாயில் அடைப்பு நேர்ந்தது. அதனை நீக்க முயன்றபோது கதிரியக்கத் தூசி கலந்த ஹீலியம் வெளியேறியது. அவ்வுலை 1989-இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

ஆதலின் உருண்டையைத் தூக்குவது மட்டும் போதாது. அதன் வேகத்தைத் தணித்து, உடையாது இறக்கி, தூசியை வடிகட்டி அடக்குவதும் வேண்டும். எளிய விசையால் நிகழும் இப்பணியின் வெற்றி, அவ்விசையை அடக்கி ஆள்வதிலேயே உள்ளது.