சைக்கிளில் வரும் வாடிக்கையாளர்

பெரிய சாலை ஊருக்கு வெளியே போய்விட்டால் ஊருக்குள் இருக்கும் கடைகளுக்கு என்ன நேரும் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புறவழிச்சாலை திறந்தபின் பழைய சாலையோரத்து டீக்கடையிலும் பழக்கடையிலும் கல்லா எப்படி இளைத்தது என்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். அமெரிக்காவில் இது நமக்கு வெகு முன்பே நடந்தது. 1956-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நாட்டின் குறுக்கும் நெடுக்குமாக அதிவேகச் சாலைகள் போடப்பட்டன. கார்களும் லாரிகளும் அந்தப் பக்கம் திரும்பின. பழைய சாலையில் இருந்த சிற்றூர்களின் மளிகைக் கடைகளும் உணவு விடுதிகளும் வழிப்போக்கர் வியாபாரத்தை இழந்து நின்றன.

இருபது ஆண்டு கழித்து அத்தகைய ஊர்கள் பலவற்றுக்கு ஒரு புதிய வாடிக்கை வந்தது. அது சைக்கிளில் வந்தது.

அமெரிக்கா விடுதலை அறிவித்த இருநூறாவது ஆண்டு 1976. அதைக் கொண்டாட, நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை சைக்கிளில் கூட்டமாகச் செல்லலாம் என்று டான் பர்டன், லிஸ் பர்டன், கிரெக் சிப்பிள், ஜூன் சிப்பிள் என்ற இரு தம்பதியர் திட்டமிட்டனர். 1972-ல் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியை நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டவர்கள் இவர்கள். மெக்சிகோ நாட்டில் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த எண்ணம் பிறந்தது. பயணத்துக்கு ‘பைக்சென்டெனியல்’ என்று பெயர் வைத்தார்கள். மேற்கே ஆரிகன் மாநிலத்துக் கடற்கரையிலிருந்து கிழக்கே வர்ஜீனியா மாநிலத்து யார்க்டவுன் வரை, பத்து மாநிலங்கள் வழியாக, சுமார் 4,250 மைல். நம் கணக்கில் 6,800 கிலோமீட்டருக்கு மேல்.

முதலில் கிரெக் சிப்பிள் மனத்தில் இருந்தது வேறு காட்சி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடி, வெட்டுக்கிளிக் கூட்டம் போல நாட்டைக் கடப்பது! அப்படி நடந்திருந்தால் வழியில் உள்ள கடைகளின் கதி என்ன? ஐந்நூறு பேர் வாழும் ஊரில் ஒரே மளிகைக் கடை. காலை பத்து மணிக்குள் ரொட்டியும் வாழைப்பழமும் தீர்ந்துவிடும். பாதிப் பேர் வெறும் கையோடு போவார்கள். மறுநாள் கடைக்காரர் ஈ ஓட்டுவார். நல்ல வேளையாக அத்திட்டம் மாறியது. பத்துப் பேர் அளவில் சிறு சிறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், வெவ்வேறு நாளில் புறப்பாடு என்று ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கோடையில் சுமார் 4,100 பேர் கலந்துகொண்டனர். ஏறத்தாழ பாதிப் பேர் முழுத் தூரமும் கடந்தனர். திருவிழாக் கூட்டம் ஒரு நாள் வியாபாரம். இதுவோ பருவம் முழுதும் நாள்தோறும் நடந்த வியாபாரம். வணிகர் கண்ணோட்டத்தில் அந்த ஏற்பாட்டின் சிறப்பு இதுவே என்பது நம் கருத்து.

இந்த வாடிக்கையாளரின் இயல்பையும் சற்றுப் பார்க்க வேண்டும். காரில் வருபவர் நூறு மைல் தள்ளிப் பெரிய அங்காடியில் வாங்கிக்கொள்வார். சைக்கிளில் வருபவர் நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது மைல்தான் போவார். எந்த ஊரில் இருட்டுகிறதோ அந்த ஊரில்தான் வாங்கியாக வேண்டும். நாள் முழுதும் மிதித்தவருக்குப் பசி சாதாரணப் பசியா? வீட்டில் இருப்பவரைப் போல இரண்டு பங்கு சாப்பிடுவார். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. ஐந்து கிலோ பை மலிவு என்று சொன்னால் சிரிப்பார். கொலராடோவில் பதினோராயிரம் அடிக்கு மேல் உயர்ந்த கணவாயில் அந்தப் பையை ஏற்றிச் செல்ல வேண்டியவர் அவரல்லவா! அவருக்கு வேண்டியது சிறு பொட்டலம். நம் கடைகளில் சரம் சரமாய்த் தொங்கும் ஷாம்புப் பொட்டலத்தின் அருமையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

குழுவாக வருவோர் பொதுவாகப் பணம் போட்டு, முறை வைத்துச் சமைப்பது வழக்கம். அன்றைக்குச் சமையல் முறை உள்ள இருவர் மாலையில் கடைக்கு வந்து பத்துப் பேருக்கு இரவுச் சாப்பாட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் ஒரே பில்லாக வாங்குவார்கள். சிறிய கடைக்கு அது நல்ல போணி. மேலும், இந்த வழிக்கென்று வரைபடங்கள் அச்சிடப்பட்டன. எந்த ஊரில் மளிகைக் கடை உண்டு, எங்கே தங்கலாம், எங்கே சைக்கிள் பழுது பார்க்கலாம் என்று அவற்றில் குறித்திருந்தார்கள். கடைக்காரர் செலவில்லாமல் கிடைத்த விளம்பரம் அது.

மான்டனா மாநிலத்தில் ட்வின் பிரிட்ஜஸ் என்று ஓர் ஊர். மக்கள் தொகை சுமார் 400. இந்தச் சைக்கிள் வழி ஊருக்குள்ளேயே போகிறது. பல்லாண்டுகளாகச் சைக்கிள்காரர்கள் வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். தங்க வசதியில்லை. 2009-ல் ஊரார் ஆற்றோரம் ஒரு சிறு கொட்டகை கட்டினர். உள்ளே குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவும் தொட்டி. கட்டணம் கிடையாது, விரும்பியதைப் போட ஓர் உண்டியல். ‘இலவசமாகக் கொடுத்தால் ஊருக்கு என்ன லாபம்?’ என்று கேட்கத் தோன்றும். ஒரு மணி நேரம் நின்று போனவர் ஓர் இரவு தங்குகிறார். இரவுச் சாப்பாடு இங்கே, காலைக் காபி இங்கே, வழிக்கு வேண்டிய சாமான் இங்கே. லாபம் கொட்டகையில் இல்லை, கடைத்தெருவில் இருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. மான்டனா பல்கலைக்கழகத்தின் சுற்றுலா ஆய்வு நிறுவனம் 2013-ல் பல நாள் பயணம் செய்யும் சைக்கிள்காரர்களிடம் கணக்கெடுத்தது. ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 75 டாலர் செலவழித்தார். அம்மாநிலத்தில் எட்டு இரவுகளுக்கு மேல் தங்கினார். அந்த ஆண்டு மதிப்பில் 75 டாலர் என்பது நாலாயிரம் ரூபாய்க்கு மேல். கூடாரத்தோடு வருகிறார், கையில் காசிராது என்று எண்ணியவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மற்ற ஊர்களும் சும்மா இருக்கவில்லை. மிசௌரி மாநிலத்து ஃபார்மிங்டனில் பழைய சிறைச்சாலைக் கட்டடத்தைச் சைக்கிள் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். ஆரிகனில் மிட்செல் என்ற மிகச் சிறிய ஊரில் தேவாலயத்தையே விடுதியாக்கினார்கள். கடையே இல்லாத மலைப்பகுதியிலும் ஒருவர் உண்டு. வர்ஜீனியாவின் ஆஃப்டனில் ஜூன் கரி என்ற அம்மையார், மலையேறிக் களைத்து வந்தவர்களுக்கு 1976 முதல் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். 2012-ல் மறையும் வரை அவர் பெயர் அந்த வழியெங்கும் பரவியிருந்தது. அவர் வணிகரல்லர், ஆயினும் வாடிக்கையாளரை வரவேற்கும் விதத்தில் நமக்கே பாடம் நடத்தக் கூடியவர்.

மிகைப்படுத்தவும் கூடாது. இது கோடைகால வியாபாரம். பனி விழும் மாதங்களில் ஒருவரும் வருவதில்லை. ஆண்டு முழுதும் உள்ளூர்க்காரர் வாங்காமல் சைக்கிள்காரரை மட்டும் நம்பி எந்த மளிகைக் கடையும் நிற்காது. கடை மூடினாலோ இழப்பு இரு தரப்புக்கும். சமவெளியிலும் பாலைநிலத்திலும் ஊருக்கு ஊர் தூரம் அதிகம். நடுவில் ஒரு கடை போய்விட்டால், வருகிறவர்கள் அடுத்த ஊர் வரைக்கும் வேண்டிய தண்ணீரையும் ரொட்டியையும் முந்தின ஊரிலேயே ஏற்றிக்கொண்டு மிதிக்க வேண்டும்.