தென்னை ஏறும் கருவி: தேர்வும் பாதுகாப்பான பொருத்தமும்

தென்னை ஏறும் கருவி என்பது கிளையில்லாத, நேரான மரங்களில் ஏறி இறங்கப் பயன்படும் இரும்புச் சட்ட அமைப்பு ஆகும். தளைக்கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறும் பழைய முறைக்குப் பல ஆண்டுப் பழக்கம் தேவை. கருவியைக் கொண்டு சில நாள் பயிற்சியிலேயே ஏறிவிடலாம். ஆனால் ஏறுவதை எளிதாக்குவது வேறு. விழாமல் காப்பது வேறு. முதல் வேலைக்குக் கருவி, இரண்டாவது வேலைக்குப் பாதுகாப்பு பெல்ட் என இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும்.

15 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் 2 நொடிக்குள் தரையைத் தொடுவார். அப்போது அவரது வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டராக இருக்கும். விழத் தொடங்கிய பிறகு எதையாவது பிடித்துக்கொள்ள நேரம் இருக்காது.

வகைகள்

நின்று ஏறும் வகை: கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் உருவாக்கிய கருவி இவ்வகையில் புகழ்பெற்றது. இதில் வலக்காலுக்கும் இடக்காலுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் இரும்புக் கம்பிக் கயிறு இருக்கும். காலை ஊன்றினால் கயிறு மரத்தை இறுகப் பற்றும். எடையை எடுத்தால் தளர்ந்து மேலே நகரும்.

அமர்ந்து ஏறும் வகை: இதில் மேல் சட்டத்தில் இருக்கையும் கீழ்ச் சட்டத்தில் கால் வைக்கும் இடமும் இருக்கும். உட்கார்ந்தபடி கால்களால் கீழ்ச் சட்டத்தை உயர்த்தி, பிறகு எழுந்து நின்று மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். வேகம் குறைவு; புதியவர்களுக்கு அச்சமும் குறைவு. இரு சட்டங்களையும் ஒரு கயிற்றால் இணைத்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால், கீழ்ச் சட்டம் காலிலிருந்து நழுவிக் கீழே போனால் ஏறியவர் இறங்க வழியின்றி மேலேயே சிக்கிக்கொள்வார்.

தேர்வு செய்தல்

கருவி நம் எடையையும் மரத்தின் பருமனையும் தாங்கும் அளவினதா என்று பார்க்க வேண்டும். கம்பிக் கயிற்றில் அறுந்த இழைகள், பற்றவைத்த இடங்களில் வெடிப்பு, வளைந்த கொக்கி, தேய்ந்த ரப்பர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பெல்ட்டில் இந்தியத் தர நிர்ணய எண் ஐ.எஸ். 3521 உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டைவிடத் தோள், மார்பு, தொடைகளையும் அணைக்கும் முழு உடல் பெல்ட் சிறந்தது. விழும்போது ஏற்படும் அதிர்ச்சியை அது உடல் முழுவதும் பரப்பிவிடும். தேங்காய் நார்க்கயிறு, வெயிலில் கிடந்து வெளுத்த நைலான் கயிறு ஆகியவற்றை உயிர்க்கயிறாகக் கொள்ளக் கூடாது. தாடைப் பட்டையுள்ள தலைக்கவசமும் தேவை.

மரத்தைச் சோதித்தல்

சிவப்புக் கூன்வண்டு துளைத்த மரம், தண்டில் சாறு வடியும் மரம், தட்டினால் பொள்ளல் ஒலி தரும் மரம் ஆகியவற்றில் ஏறக் கூடாது. மழையில் நனைந்த, பாசி பிடித்த தண்டில் பிடிப்பு இராது. குளவிக்கூடு உண்டா என்று கீழிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். மட்டைகள் மின்கம்பியைத் தொடும் மரத்தில் இரும்புக் கருவியோடு ஏறுவது உயிருக்கு ஆபத்து.

பொருத்தும் முறை

1. அடிப்பருமனுக்குச் சற்று மேலே, தண்டு சீராகும் இடத்தில் கருவியை மாட்ட வேண்டும். நின்று ஏறும் கருவியின் இரு கம்பிக் கயிறுகளும் ஒன்றையொன்று குறுக்கிடாமல், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்க வேண்டும்.
2. மேலே போகப்போகத் தண்டு சிறுத்தால் வளையம் தளர்ந்து, கால் வைக்கும் சட்டம் கீழ்நோக்கிச் சாயும். எனவே அடியில் பொருத்தும்போதே சட்டத்தின் வெளிமுனை சற்று உயர்ந்திருக்கட்டும்.
3. பெல்ட்டின் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பூட்டுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். கால் தரையை விட்டு எழுமுன் இது முடிந்திருக்க வேண்டும்.
4. ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் முழு எடையையும் கொடுத்துப் பார்த்த பிறகே மேலே ஏற வேண்டும்.
5. ஒவ்வோர் அடிக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் உடன் நகர்த்த வேண்டும்.

உச்சியில்

வழுவழுப்பான தண்டில் ஒற்றைச் சுற்றுக் கயிறு சறுக்கிவிடக் கூடும். ஆகவே வேலை செய்யும் இடத்தை அடைந்ததும் கயிற்றை இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்குவது நல்லது. இன்னொரு கயிற்றை மாட்டிய பிறகே முதல் கயிற்றைக் கழற்ற வேண்டும். கயிற்றை மட்டைக் காம்பில் கட்டக் கூடாது. பச்சையாகத் தெரியும் மட்டையும் அடியில் அழுகியிருக்கலாம். அரிவாள் பாதுகாப்புக் கயிற்றின் பக்கம் வீசாதபடி நிற்கும் இடத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

தனியாக ஒருபோதும் ஏறக் கூடாது. காய் விழும் இடத்திலிருந்து விலகி ஒருவர் கீழே நிற்க வேண்டும். ஏறியவர் மயங்கிப் பெல்ட்டில் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே கேடாகலாம். விரைந்து இறக்குவதற்கான வழியை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இதில் கருவியால் மரம் ஏறவும் தென்னையைப் பராமரிக்கவும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கற்றுத்தரப்படுகிறது. மரம் ஏறுவோருக்கான விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் இவ்வாரியத்தில் உண்டு. கருவி வாங்குவோர் இவ்வகைப் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் தாழ்ந்த உயரத்தில் பழகிய பிறகே உயர்ந்த மரங்களுக்குச் செல்ல வேண்டும்.