கணினி படித்தவர்கள் கட்டிய ஆலைகள்

எல்லையோரத் தொழில்கள் – 9

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா வழியாக நெரிசலில் நகர்ந்து போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பொறியியல் முடித்த பிள்ளைகளின் ஆசை நெடுங்காலமாக அந்தத் திசையில்தான் இருக்கிறது. 'கம்ப்யூட்டர் வேலை' கிடைத்தவன் பெங்களூரு போவான், கிடைக்காதவன் சிப்காட்டில் 'கம்பெனி வேலை'க்குப் போவான் என்று வீடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பெண் பார்க்கும் இடத்தில்கூட இந்தக் கணக்கு பேசும்.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் அதே சாலையில் எதிர்த்திசையில் சிலர் வந்தார்கள். கணினியிலும் மென்பொருளிலும் பெயரெடுத்தவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைத்தார்கள். சென்ற வாரம் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூருக்கு வந்த காலத்தைப் பார்த்தோம். இந்த வாரம், புதிதாக வந்தவர்களின் பயோடேட்டாவைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு தலைவர் எங்கே தொடங்கினார், யாரிடம் வேலை கற்றார், எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்பதும் தெளிவாகும்.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இந்திய மென்பொருள் தொழிலின் தந்தை என்று போற்றப்படும் எஃப்.சி. கோலி மின்சாரத் துறையிலிருந்து வந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்துவிட்டு 1951-இல் டாடா மின் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்சாரத்தை எங்கே, எப்போது, எவ்வளவு அனுப்புவது என்ற கணக்கைக் கணினியிடம் ஒப்படைக்க முயன்றபோதுதான் அந்தக் கருவியின் வலிமை அவருக்குப் புலப்பட்டது. 1969-இல் டி.சி.எஸ். பொறுப்புக்கு வந்தார். இன்ஃபோசிஸ் கதையும் இதைப் போன்றதே. 1981-இல் புனேயில் தொடங்கிய அந்த நிறுவனம் 1983-இல் பெங்களூருக்கு இடம் மாறியதற்கு முக்கியக் காரணம், அங்கே கிடைத்த வாடிக்கையாளரான மைக்கோ. வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக் செய்த கம்பெனி அது. ஆக, இன்று ஓசூர் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கும் மென்பொருள் தொழில், எந்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தது.

ஓசூரிலும் ஒரு முன்னோடி உண்டு. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன். அதை உருவாக்கிய செர்க்ஸஸ் தேசாய் அதற்குமுன் டாடா பிரஸ் என்ற அச்சகத்தை நடத்தியவர். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த பாஸ்கர் பட், சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மேலாண்மையும் படித்து, கோத்ரெஜில் பயிற்சியாளராக வேலையைத் தொடங்கினார். டாடாவின் கடிகாரத் திட்டத்தில் 1983-இல் சேர்ந்தவர், நிர்வாக இயக்குநரானது 2002-இல். இடையில் பத்தொன்பது ஆண்டுகள். அதே 2002-இல்தான், உள் எந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட 'எட்ஜ்' கடிகாரம் சந்தைக்கு வந்தது. அவ்வளவு நுட்பமான வேலைக்குப் பழகிய கைகள், பள்ளிப் படிப்பு முடித்த கையோடு கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட இளைஞர்களுடையவை, இளம்பெண்களுடையவை.

இனி புதியவர்கள். ஏத்தர் எனர்ஜியின் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் வடிவமைப்பு படித்தவர்கள். 2012-இல் வெளியே வந்ததும் ஒருவர் அசோக் லேலண்டிலும் மற்றவர் ஜெனரல் மோட்டார்ஸிலும் சேர்ந்தார்கள். சில மாதங்களிலேயே இருவரும் வேலையை விட்டுவிட்டு ஐ.ஐ.டி. வளாகத்துக்கே திரும்பினார்கள். மின் ஸ்கூட்டர்களுக்கு நல்ல பேட்டரி செய்து விற்கலாம் என்பதுதான் முதல் எண்ணம். அன்று கிடைத்த ஸ்கூட்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது, பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை, வண்டியையே புதிதாகச் செய்ய வேண்டும் என்று புரிந்தது. 2013-இல் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பணம் போட்டார்கள். முதல் வண்டி பெங்களூரில் விற்பனைக்கு வந்தது 2018-இல்.

ஐந்து ஆண்டுகள் ஒரு வண்டிகூட விற்காமல் இரண்டு இளைஞர்கள் பொறுத்திருந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். வண்டியின் தொடுதிரை, அதை இயக்கும் மென்பொருள், பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று என்று எல்லாவற்றையும் தாங்களே வடிவமைத்தார்கள். 2021 தொடக்கத்தில் உற்பத்தியை ஓசூருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முடிவில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வார்ப்பு, பிளாஸ்டிக் மோல்டிங், பெயின்டிங், வயரிங் என்று இருசக்கர வண்டிக்கு வேண்டிய அத்தனை உதிரி வேலையும் தெரிந்த சிறு பட்டறைகள் நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வளர்ந்து நிற்கின்றன. டிவிஎஸ்ஸுக்கும் லேலண்டுக்கும் பாகம் செய்து பழகிய ஊர் இது.

பவிஷ் அகர்வாலின் பாதை வேறு. லூதியானாவில் பிறந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் படித்தவர். 2008-இல் பட்டம் பெற்று, பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் சுமார் இரண்டு ஆண்டு வேலை பார்த்தார். 2010 இறுதியில் அங்கித் பாட்டியுடன் சேர்ந்து ஓலா டாக்சியைத் தொடங்கினார். செயலி ஒன்றின் பின்னால் லட்சக்கணக்கான ஓட்டுநர்களை ஒருங்கிணைத்த அனுபவத்தோடு மின் ஸ்கூட்டருக்கு வந்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஏறக்குறைய 500 ஏக்கரில் ஆலை எழும்பியது. 2020 டிசம்பரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆகஸ்ட் 15-இலேயே வண்டி அறிமுகமாகிவிட்டது. முழுக்கப் பெண்களே வேலை செய்யும் ஆலையாக இது இருக்கும் என்றும் அந்த ஆண்டு அறிவித்தார். மாமரத் தோப்புகளுக்கு நடுவே அப்படி ஒரு அறிவிப்பு வந்தது இந்த மாவட்டத்துக்குச் சிறிய செய்தியில்லை.

அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. செயலியில் பிழை வந்தால் அன்று இரவே திருத்தி எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். சாலையில் நின்றுபோன வண்டிக்கு ஊர் ஊராக மெக்கானிக் வேண்டும், பாகம் வேண்டும், பதில் சொல்ல ஆள் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, 2024-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு தலைவரின் முந்தைய தொழில் அவருக்குத் தந்த பலம் எதுவோ, புதிய தொழிலில் அவர் கவனமாக இருக்க வேண்டிய இடமும் பெரும்பாலும் அதுதான். இரும்பைத் தொடும் தொழிலில் அனுபவசாலிகளின் நிதானத்துக்கு மாற்று கிடையாது.

மூன்றாமவர் நமக்கு மிக அருகில் பிறந்தவர். என். சந்திரசேகரன், நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரர். காவிரிக் கரையில் விவசாயக் குடும்பம். ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தார். கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயன்பாட்டு அறிவியலில் பட்டம் பெற்றபின், சில மாதம் ஊரில் இருந்து விவசாயம் பார்த்தார். அது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. சேர்ந்தார். 1987-இல் டி.சி.எஸ்.ஸில் நுழைந்தார். நிரல் எழுதுபவராகத் தொடங்கி, அப்போதைய தலைவர் ராமதுரையின் அருகில் இருந்து நிர்வாகம் கற்று, 2009-இல் தலைமைச் செயல் அதிகாரியானார். 2017-இல் டாடா சன்ஸ் தலைவர். பார்சி சமூகத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர்.

அவர் தலைமையில் டாடா குழுமம் 2020-இல் தொடங்கிய டாடா எலக்ட்ரானிக்ஸ், உத்தனப்பள்ளி அருகே ஐபோன் வெளிக்கூடுகளைச் செய்யும் ஆலையைக் கட்டியது. மென்பொருளில் முப்பது ஆண்டு கழித்தவர் அலுமினியத்தைக் கடையும் தொழிலுக்குக் குழுமத்தின் பணத்தை ஒதுக்கினார். அந்த நிறுவனத்தை நடத்த, அப்ளைடு மெட்டீரியல்ஸிலும் இன்டெல்லிலும் பல ஆண்டு பணியாற்றிய ரண்தீர் தாக்கூரை 2023-இல் அழைத்துவந்தார். தனக்குத் தெரிந்த தொழில் எது, தெரியாத தொழில் எது என்று பிரித்துப் பார்த்து, தெரிந்தவரிடம் பொறுப்பைக் கொடுப்பதும் தலைமைப் பண்புதான்.

இந்தப் பயோடேட்டாக்களைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகப்படுகிறது. கம்ப்யூட்டர் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் நடுவே நாம் எழுப்பியிருக்கும் சுவர் இவர்கள் யாருடைய வாழ்க்கையிலும் இல்லை. கோலி மின்சாரத்திலிருந்து கணினிக்குப் போனார். சந்திரசேகரன் கணினியிலிருந்து எந்திரத்துக்கு வந்தார். ஏத்தர் இளைஞர்கள் இரண்டையும் ஒன்றாகவே கற்றார்கள். இன்றைய ஸ்கூட்டர் ஆலையில் ரோபோவுக்கு நிரல் எழுதுகிறவருக்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும். வெல்டிங் தெரிந்தவருக்குத் திரையில் ஓடும் எண்கள் புரிய வேண்டும். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. பயிற்சி தரும் மையங்களாக மேம்படுத்தியதற்குக் காரணம் இந்தத் தேவைதான். ஐ.டி.ஐ. என்றால் கடைசிப் புகலிடம் என்று நினைக்கும் பெற்றோர் இதை ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது, அது வருத்தம் தருகிறது. மேலே சொன்ன பெயர்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. பெண் ஒருவரும் இல்லை. ஆனால் ஆலைக்குள் போனால் லைனில் நிற்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். ராயக்கோட்டை, சூளகிரி பக்கமிருந்து வருகிறவர்கள் உண்டு, ராஞ்சியிலிருந்தும் ஹசாரிபாக்கிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பழங்குடிப் பெண்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி ட்ரெய்னியாகச் சேர்ந்து, லைன் லீடராகி, சூப்பர்வைசராகி, பிளான்ட் தலைவியாக வர வழி இருக்கிறதா? ட்ரெய்னி, காண்ட்ராக்ட் என்று சில ஆண்டுகளில் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த வழி திறக்காது. பாஸ்கர் பட்டுக்குப் பத்தொன்பது ஆண்டும் சந்திரசேகரனுக்கு இருபத்திரண்டு ஆண்டும் ஒரே இடத்தில் நின்று வளர வாய்ப்பு கிடைத்தது. அந்த நிலைத்த வேலைதான் அவர்களைத் தலைவர்களாக்கியது. லைனில் நிற்கும் பெண்ணுக்கும் அதே நிலைத்த வேலை வேண்டும்.

இது ஆகாத காரியம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்து, குவால்காமில் வேலை பார்த்த ஸ்ரீதர் வேம்பு, கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, பயிற்சி அளித்து, நிரலாளர்களாக்கும் பள்ளியை இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஸோஹோவில் தொடங்கிவிட்டார். அதன் மாணவர்கள் இன்று அங்கே பொறுப்பான இடங்களில் இருக்கிறார்கள். போச்சம்பள்ளியிலும் உத்தனப்பள்ளியிலும் ஆலை நடத்துகிறவர்கள், பக்கத்திலிருக்கும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோடும் ஓசூர் அரசு ஐ.டி.ஐ.யோடும் கைகோத்து, ஷிஃப்ட் முடிந்தபின் படிக்க ஒரு பாதையைத் திறக்கலாம். அரசு நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே அதை ஒரு நிபந்தனையாகக் கேட்கலாம். நிலம் கொடுத்த மாவட்டம் தலைவர்களையும் தர வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை, நியாயம்.

அடுத்த வாரம்: ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் விடுதி வாழ்க்கை.

(தொடரும்)