ஸ்கேன் டிஸ்க்கில் இருப்பது வெறும் படமல்ல!

ஸ்கேன் எடுத்தால் பிலிமுடன் ஒரு டிஸ்க்கும் தருவார்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் இல்லாத நூற்றுக்கணக்கான பைல்கள் இருக்கும். டபுள் கிளிக் செய்தாலும் திறக்காது. வைரஸோ என்று பயப்பட வேண்டாம். இவை மருத்துவப் படங்களுக்கான 'டைகாம்' பைல்கள்.

பிலிம் இருக்கையில் இவை எதற்கு? ரெட்ரோபெரிட்டோனியல் ஃபைப்ரோசிஸ் என்ற நோயைப் பாருங்கள். வயிற்றின் பின்பகுதியில், பெருந்தமனியைச் சுற்றித் தழும்பு போன்ற நார்த்திசு வளரும். அருகிலுள்ள சிறுநீர்க் குழாய்களை நெரிக்கும். 1948ல் ஜான் ஆர்மண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய பின்னரே இது பரவலாகத் தெரிய வந்தது. நடுவயதினருக்கே வருவது அபூர்வம். குழந்தைகளிடம் மிக மிக அபூர்வம். முதுகுவலி, வயிற்றுவலி, சோர்வு என்று சாதாரணத் தொல்லைகளாகவே தொடங்குவதால் சந்தேகம் எழாது. அதற்குள் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கிவிடலாம். அல்ட்ராசவுண்ட் வீக்கத்தைக் காட்டிவிடும். காரணத்தைத் தேட சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். லிம்போமா என்ற புற்றுநோயும் படத்தில் இப்படியே தெரியலாம் என்பதால், திசு எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 100 அளவில், தசைக்கு 50ஐ ஒட்டி. (இந்த அளவுகோலுக்குப் பெயர் தந்த ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல, நம்மைப் போல் இன்ஜினியர். 1979ல் மருத்துவ நோபல் பெற்றார்!) நார்த்திசுவின் எண்ணும் தசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சாதாரண மானிட்டர் காட்டுவதோ 256 சாம்பல் நிறங்கள்தான். எனவே எந்த எண் முதல் எந்த எண் வரை காட்டுவது என்பதை டாக்டர் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இதற்கு 'விண்டோ' என்று பெயர். மைக்ரோசாப்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிலிமிலும் ஜேபெக் படத்திலும் ஒரே விண்டோ நிலைத்துவிடும். பின்னர் மாற்ற முடியாது.

பல டிஸ்க்குகளில் வியூவர் புரோகிராம் சேர்ந்தே வரும். இல்லையெனில், சொந்த உபயோகத்திற்கு இலவசமான மைக்ரோடைகாமை இன்ஸ்டால் செய்து, முழு போல்டரையும் அதில் திறக்கவும். மவுஸ் வீலைச் சுழற்றினால் ஒவ்வொரு படமாக நகரும். பார்க்கலாம், நோயை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

வேறு டாக்டரிடம் கேட்க, பிலிமை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்புவது போதாது. போல்டர் முழுவதையும் ஜிப் செய்து கொடுங்கள். பைல்களுக்குள் பொதுவாகக் குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். பைல் பெயரை மாற்றினாலும் அவை போகாது. எனவே கண்ட தளங்களில் ஏற்றாதீர்கள். டிஸ்க் கிடைத்த அன்றே ஹார்ட் டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள். டிஸ்க்கில் கீறல் விழுந்து, ஆஸ்பத்திரியிலும் பிரதி இல்லாமல் போனால், குழந்தைக்கு மறுபடி சி.டி. எடுக்க வேண்டி வரலாம். அந்தக் கதிர்வீச்சு பெரியவர்களைவிடக் குழந்தைகளையே அதிகம் பாதிக்கும்.