தென்னங்குருத்தும் ஒரு கிலோ அரிசியும்: கடன் இல்லாமல் தீபாவளிக்கு வீட்டை அலங்கரிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கிவிட்டால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கூடாரக் கடைகள் வரிசை கட்டிவிடும். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், மின்னும் விளக்குச் சரம், தரையில் ஒட்டும் ரங்கோலி ஸ்டிக்கர் என்று எதைப் பார்த்தாலும் பத்து வெள்ளி, பதினைந்து வெள்ளிதானே என்று கை நீளும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிக் கணக்குப் பார்க்கும்போதுதான் நெஞ்சு திடுக்கென்னும்.

என் தங்கை வீட்டில் இந்தக் கணக்கு ஒருமுறை சண்டையிலேயே முடிந்தது. மாப்பிள்ளை வேலை செய்யும் தொழிற்சாலையில் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓவர்டைம் நின்றுபோனது. பிள்ளைகளுக்குத் துணி, பலகாரச் சாமான், ஊருக்குப் போக எண்ணெய்ச் செலவு எல்லாம் எழுதிய பிறகு, அலங்காரம் என்ற வரியில் 180 வெள்ளி நின்றது. நண்பரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். அலங்காரமே வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு கும்பிடலாம் என்றாள் தங்கை. சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மா, “வாசலைக் கட்டுறதுக்கா கடன்? யாராச்சும் போய் ஓலை வெட்டிக்கிட்டு வாங்க” என்றார்.

அம்மா கீழ்ப்பேராவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்துத் தீபாவளி பெரும்பாலும் மழையோடுதான் வரும். பட்டை நனைந்துவிட்டால் பால் கோப்பையில் விழாமல் மரத்தில் வழிந்து ஓடும், சீவ முடியாது. சீவாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆக, கையில் காசு மிகக் குறைவாக இருக்கிற மாதத்தில்தான் லயத்தில் பெரிய பண்டிகை வரும். அதனால் வாசலில் தொங்குவது எல்லாம் மரத்திலிருந்தும் பழைய துணியிலிருந்தும் வந்தது. அந்தக் கைவேலையை இப்போது அடுக்குமாடி வீட்டில் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஆண்டு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 36 வெள்ளி.

முதலில் தோரணம்.

தோரணத்துக்கு வேண்டியது விரியாத இளங்குருத்து. வெளிர் மஞ்சளாக, மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும். அதைச் சும்மா போய் வெட்டக்கூடாது. தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். குருத்தை எடுக்கும்போது உள்ளே இருக்கும் மொட்டில் கத்தி பட்டால் மரமே போய்விடும். மரம் ஏறத் தெரிந்தவர், மரத்துக்காரரின் அனுமதியோடு, பாதி விரிந்த ஓலையை எடுத்தால் போதும். வீடு கட்டவோ சாலை போடவோ தென்னை சாய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே போய்க் கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. மலாய் அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அவர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் பின்னுவதும் இதே இளங்குருத்தில்தான். எங்கே கிடைக்கும், யார் வெட்டித் தருவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஓலை வந்ததே மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு மக்சிக் காட்டிய வீட்டிலிருந்துதான்.

ஓலையைக் கொண்டுவந்ததும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். காய்ந்துவிட்டால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். ஒவ்வோர் இலையின் நடுவிலும் ஈர்க்கு ஓடும். அதை நுனிக்கத்தியால் கீறி எடுத்தால் இரண்டு நீளமான நாடாக்கள் கிடைக்கும். ஈர்க்கை எறிய வேண்டாம். விரல் நீளத்துக்கு உடைத்து ஒரு முனையைச் சாய்வாகச் சீவினால் அதுதான் ஊசி. பசையும் தேவையில்லை, ஸ்டேப்ளரும் தேவையில்லை.

தெரியாதவர்கள் விசிறியில் தொடங்கலாம். ஒரு நாடாவை ஒரு விரல் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போங்கள். எட்டு, பத்து மடிப்பு ஆனதும் ஒரு பக்க முனையைச் சேர்த்துப் பிடித்து ஈர்க்கால் குத்துங்கள். மறுபக்கம் தானாக விரியும். அடுத்தது குஞ்சம். ஓர் இலையைக் கயிற்றின் மேல் இரண்டாக மடித்துப் போட்டு, கயிற்றுக்குக் கீழே ஈர்க்கால் குத்தி, தொங்கும் பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லிய கீற்றாகக் கிழித்துவிட வேண்டும். ஒரு விசிறி, இரண்டு குஞ்சம், நடுவில் ஒரு மாவிலை என்று மாற்றி மாற்றிக் கட்டினால் வாசலுக்கு அதுவே நிறைவு. மாவிலை தாமான்களில் எங்கும் உண்டு. மரம் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பறியுங்கள். இரவில் மதில் ஏறிப் பறித்து ஏச்சு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

உண்மையான வேலை குருவி கட்டுவது. இலையைப் பிளந்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகித் தொங்குகிற குருவி உருவம் வர வேண்டும். அதை எழுதிப் புரியவைக்க என்னால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, சாவு வீட்டுக்கு மூன்று குருவி என்று பெரியவர்கள் கணக்கு வைத்திருப்பதால், யூடியூப் பார்த்துக் கட்டுபவர்கள் ஒரு மூத்தவரிடம் காட்டிவிட்டுத் தொங்கவிடுவது நல்லது. எங்கள் அடுக்குமாடியில் இது தெரிந்தவர் அம்மா ஒருவர்தான் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கு ஒரு கண்ணில் புரை. ஈர்க்கு குத்தும் இடம் சரியாகத் தெரியவில்லை. அவர் மடித்துக் கொடுக்க, மூத்த பேத்தி குத்தினாள். முதல் ஆறு குருவி அவிழ்ந்து விழுந்தது. ஏழாவது நின்றது.

தோரணத்தை முதல் நாள் மாலையில் கட்டினால் போதும். இரண்டு மூன்று நாளைக்கு நிறம் நிற்கும், பிறகு பழுப்பேறும். முன்கூட்டியே கட்டிவிட்டுப் பண்டிகை அன்று காய்ந்த ஓலையைப் பார்த்து வருந்தாதீர்கள். ஓலை கிடைக்கவே கிடைக்காத நகரவாசிகள் பழைய புடவையைத் தேடலாம். ஒரு புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எடுத்தால் பதினோரு மீட்டர் சரிகைப் பட்டி கைக்கு வரும். வாசலுக்கும், சாமி மேடைக்கும், சன்னலுக்கும் கட்டிய பிறகும் மிச்சம் இருக்கும்.

அடுத்தது அரிசிக் கோலம். பேரங்காடிகளில் நடுக்கூடத்தில் போடுகிறார்களே, அதேதான். இதற்கு அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. “மாக்கோலம் போட்டா எறும்பாவது தின்னும், அரிசியைச் சாயத்துல முக்கி என்ன செய்யப் போறீங்க?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2023-இல் உள்நாட்டு வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்காமல் நாம் அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆகவே நல்ல அரிசியை இதற்கு எடுக்காதீர்கள். நொய்யோ, வண்டு பிடித்துப்போன அரிசியோ போதும். இரண்டடி அகல வட்டத்துக்கு ஒரு கிலோ தாராளம். தரையில் போட்டுப் பெருக்கிக் கொட்டுவதற்குப் பதிலாக அட்டையில் ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டும் வைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அம்மா இறங்கி வந்தார்.

சாயம் ஏற்றுவது எளிது. ஒரு கோப்பை அரிசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு தேக்கரண்டி வினிகர், எட்டுப் பத்துச் சொட்டு உணவுச் சாயம் விட்டு, பையின் வாயை முறுக்கிப் பிடித்துக் குலுக்குங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தண்ணீர் ஊற்றக்கூடாது, அரிசி ஊறிக் கட்டியாகிவிடும். வினிகர் சாயத்தைச் சீராகப் பரப்பும், சீக்கிரம் காயும். பழைய நாளிதழை விரித்து நிழலில் ஒரு நாள் காயவையுங்கள். மஞ்சளுக்குச் சாயம் வாங்க வேண்டாம், சமையல் மஞ்சள்தூளை வினிகரில் கரைத்தால் போதும். பழுப்பு நிறத்துக்குக் கோப்பித் தூள் சக்கையை நன்றாக வெயிலில் காயவைத்து எடுக்கலாம். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று துணிச்சாயம் வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கை எப்படியும் வாய்க்குப் போகும்.

குளிர்பெட்டி அல்லது தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியை மின்சாதனக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதில் வட்டம் போட ஓர் ஆணி, ஒரு கயிறு, ஒரு சாக்பீஸ் போதும். வட்டம் போட்ட பிறகு கயிற்றின் நீளத்தை மாற்றாதீர்கள். வட்டத்தின் மேல் ஏதாவது ஓர் இடத்தில் ஆணியை வைத்து, அதே கயிற்றால் வட்டத்தில் அடுத்த புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து அடுத்தது. ஆறாவது தடவை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள். இப்போது ஆறு புள்ளிகளிலும் ஆணியை வைத்து வட்டத்துக்குள் வளைவு போட்டால், நடுவில் ஆறு இதழ் தாமரை தானாக விழும். படிவம் ஆறில் இருக்கும் மருமகன் இதைக் கணக்குப் பாடத்திலேயே படித்துவிட்டான் என்று அலட்டிக்கொண்டான். இருந்தாலும் முதல் வட்டத்தை முட்டை வடிவத்தில்தான் போட்டான். கயிற்றைத் தளர விட்டால் அப்படித்தான் வரும்.

ஒட்டும்போது அட்டை முழுவதும் பசையைப் பூசிவிடாதீர்கள். பாதி வேலையிலேயே காய்ந்துவிடும். ஓர் இதழுக்கு மட்டும் வெள்ளைப் பசையைத் தடவி, அரிசியைக் கொட்டி, மேலே தாளை வைத்து அழுத்தி, மிச்சத்தை உதறுங்கள். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் உங்கள் முழங்கையே கோலத்தை அழித்துவிடும். வேலை முடியும்வரை மின்விசிறியைப் போட வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

விளக்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போன ஆண்டு அகலைச் சவர்க்காரத் தூள் போட்ட சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். புதிய அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்துக் காயவைத்த பிறகு ஏற்றினால் எண்ணெய் குடிக்காது. அடுக்குமாடியில் நடைபாதை எல்லாருக்கும் பொது. அகலின் கீழே ஒரு தட்டு வையுங்கள். கொட்டிய எண்ணெயில் வழுக்கி விழப்போவது யாரோ ஒரு வயதானவர்தான். ஓலையும் புடவைக் கரையும் தீப்பிடிக்கும் பொருள். அவற்றுக்கு நேர் கீழே விளக்கு வேண்டாம். விளக்குச் சரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரத்தில் மலிவு பார்க்கக் கூடாத ஒரே பொருள் அதுதான்.

பண உறையையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு ஏ4 வண்ணத் தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம் இருக்கும். அகலத்தில் ஏழு, ஏழு என்று மடித்தால் ஒட்டுவதற்குச் சிறு விளிம்பு மிஞ்சும். கீழே 2 செ.மீ. மடித்து ஒட்டி, மேலே இரண்டரை செ.மீ. மூடிக்கு விட்டால் பத்து வெள்ளி நோட்டு மடங்காமல் உள்ளே போகும். ஐம்பது வெள்ளி நோட்டு சற்று அகலம். அதைப் போடுகிற வசதி உள்ளவர்கள் உறையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும். புடவைக் கரையில் மிஞ்சிய துண்டை உறையின் மேல் ஒட்டினோம். கடை உறையைவிட அதைத்தான் பிள்ளைகள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

36 வெள்ளிக் கணக்கு இதுதான்: உணவுச் சாயம் நான்கு புட்டி 12, அரிசி 4, பசை 6, கயிறு 3, ஒரு டஜன் புதிய அகல் 6, வண்ணத் தாள் 5. ஓலை, அட்டை, புடவை, மாவிலைக்குச் செலவில்லை. ஓலை கொடுத்த வீட்டுக்கும் மக்சிக்கும் ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கு போனது. அதை அம்மா கணக்கில் சேர்க்க விடவில்லை.

அன்று மாலை எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி தோரணத்தைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார். மாப்பிள்ளை பேத்தியைக் காட்டினார். மறுநாள் காலை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்பே, மாடியில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஓலைத் துண்டோடு அம்மா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பண்டிகை முடிந்ததும் அரிசிக் கோல அட்டையின் மேல் நாளிதழைப் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாலு காய்ந்த மிளகாய் போட்டுக் கட்டி அலமாரியின் மேல் வையுங்கள், வண்டு வராது. ஒட்டாமல் மிஞ்சிய வண்ண அரிசியை மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டால் பொங்கலுக்கு ஆகும். ஓலை முழுவதும் காய்ந்த பிறகு கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு அந்த மூன்று வெள்ளியும் மிச்சம்.