சூலகப் புற்றுநோயில் ஆண்ட்ரோஜன்களின் பங்கு

முன்னுரை

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்விழப்பு அவருள் விதைத்த உறுதியே 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. அவர் பிறந்த மாவட்டத்திலும் பிற இடங்களிலும் இன்றும் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படும் புற்றுநோய்களுள் ஒன்று சூலகப் புற்றுநோய். அந்நோயில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்கள் வகிக்கும் பங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

பெண்ணுடலில் ஆண்ட்ரோஜன்

ஆண்ட்ரோஜனை ‘ஆண் இயக்குநீர்’ எனக் குறிப்பிடும் வழக்கு பிழையான புரிதலுக்கு இடமளிக்கிறது. பெண்ணின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் இதனை இயல்பாகவே சுரக்கின்றன. சூலக நுண்பையின் தீக்கா செல்கள் உருவாக்கும் ஆண்ட்ரோஜனை, கிரானுலோசா செல்கள் அரோமடேஸ் நொதியின் துணையால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆகவே ஆண்ட்ரோஜன் சூலகத்திற்கு அயற்பொருளன்று, ஈஸ்ட்ரோஜனின் மூலப்பொருளாகும்.

கருதுகோளும் சான்றுகளும்

இடைவிடாத சூல்வெளியேற்றமே இந்நோய்க்கு வழிவகுக்கிறது என்னும் கருத்தை ஃபத்தல்லா 1971இல் முன்வைத்தார். ஆண்ட்ரோஜன் நோயைத் தூண்டவும் புரோஜெஸ்டிரோன் தடுக்கவும் கூடும் என 1998இல் ஹார்வி ரிஷ் கருதினார். கருத்தடை மாத்திரை உட்கொண்ட பெண்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுவது இரு கருத்துகளுக்கும் பொருந்துகிறது. அம்மாத்திரை சூல்வெளியேற்றத்தைத் தடுப்பதோடு சூலக ஆண்ட்ரோஜனையும் குறைப்பதே இதற்குக் காரணம். எனவே இச்சான்று ஒன்றைக் கொண்டு எக்கருத்தையும் நிறுவ இயலாது.

புறத்தோலிய வகைக் கட்டிகள் பலவற்றின் செல்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ளன. செல் பெருக்கத்தை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையை ஆண்ட்ரோஜன் தளர்த்துவதாகச் செல் வளர்ப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் நோயின் எல்லா வகைகளிலும் இதன் பங்கு ஒன்றன்று. குருதியில் ஆண்ட்ரோஜன் மிகுதல் எண்டோமெட்ரியாய்டு, மியூசினஸ் வகைகளோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. பெருவழக்கான உயர்தரச் சீரஸ் வகையில் அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. அவ்வகை பெரும்பாலும் கருக்குழாயின் முனையில் தொடங்குவது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

காரணமும் விளைவும்

செர்டோலி-லேடிக் கட்டி போன்ற அரிய வகைகள் தாமே ஆண்ட்ரோஜனைச் சுரக்கலாம். அதனால் குரல் தடித்தல், முகத்தில் முடி வளர்தல் ஆகிய மாற்றங்கள் தோன்றுகின்றன. இங்கு ஆண்ட்ரோஜன் மிகுதி நோயின் காரணமன்று, விளைவாகும். ஆண்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்தான ஃப்ளூட்டமைடு, வகை பிரிக்காமல் நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டபோது சிறிதளவே பயன் தந்தது. கட்டியின் வகையையும் ஏற்பியின் நிலையையும் அறிந்து நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

முடிவுரை

ஆண்ட்ரோஜன் சூலகப் புற்றுநோயின் தனிக்காரணி அன்று. சில வகைகளில் துணைக்காரணியாக அமையக்கூடியது. சூலக நீர்க்கட்டி நோய்க்குறியால் ஆண்ட்ரோஜன் மிகுந்த இளம்பெண்ணைப் புற்றுநோயாளியாகக் கருதி அஞ்சச் செய்வது தவறு. அறிகுறியற்ற பெண்கள் அனைவரையும் பரிசோதிப்பதால் இந்நோயின் இறப்பு குறையவில்லை என்பதை 2021இல் வெளியான பிரித்தானியப் பேராய்வின் முடிவு காட்டியது. ஆகவே அறிகுறிகளை உணர்தலே இன்றுள்ள வழி. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றை ‘வாயுத் தொல்லை’ எனத் தள்ளிவிடாமல் மகளிர் நல மருத்துவரை அணுகும் வழக்கம் ஊர்தோறும் பரவ வேண்டும்.