கானாவுக்குக் கைகொடுக்கப் போகிறீர்களா?

"அம்மா, படிப்பு முடிஞ்சதும் மூணு மாசம் கானாவுக்குப் போயிட்டு வரேன். அங்கே பெண்கள் சேர்ந்து பாத்திக் துணி போடறாங்களாம். கூட இருந்து உதவி பண்ணணும்!" மகள் இப்படிக் கேட்கிற காலம் இது. ஏன், ரிடையரான அக்காவோ அண்ணியோகூடக் கேட்கலாம்.

கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றும்? "ஐயோ, ஆப்பிரிக்காவா! மலேரியா வருமே!" என்று ஒரு பக்கம் பயம். "பாவம், ஏழைப் பெண்களுக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுத்துட்டு வரட்டுமே" என்று இன்னொரு பக்கம் பெருமை. பயம் நியாயமானது, அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பெருமையைத்தான் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போமா?

கேப் கோஸ்ட் பெண்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கிறது கானா. 1957 மார்ச் 6-ல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. தலைநகர் அக்ராவிலிருந்து மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி கேப் கோஸ்ட் என்ற ஊர். அடிமை வியாபாரம் நடந்த பழைய கோட்டை இன்றும் அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது.

இந்த ஊரில் 2003-ல் ஆறு கானா பெண்களோடு 'குளோபல் மாமாஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. தொடங்கி வைத்தவர்கள், அமெரிக்காவின் 'பீஸ் கார்ப்ஸ்' தொண்டர்களாக முன்பு கானாவில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். அந்த ஆறு பேருக்கும் கைத்தொழில் ஏற்கெனவே கைவந்த கலை. குறை இருந்தது தொழிலில் அல்ல, சந்தையில். வெளிநாட்டுக் கடைக்காரர்களோடு பேச, விலை போட, கணக்கு வைக்க ஆள் வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான்.

மெழுகும் சாயமும்

பாத்திக் எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? ஸ்பாஞ்சில் டிசைன் வெட்டி அச்சு தயாரிக்கிறார்கள். அதைச் சுடச்சுட உருகிய மெழுகில் தோய்த்து, பருத்தித் துணியில் வரிசையாக ஒற்றுகிறார்கள். அப்புறம் துணி சாயத் தொட்டிக்குள் போகிறது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெளியே எடுத்துக் காற்றில் விரித்ததும் கண்ணெதிரிலேயே நிறம் மாறுகிறது! கடைசியில் கொதிக்கும் நீரில் போட்டால் மெழுகு கழன்று மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து மறுபடி பயன்படுத்திக் கொள்வார்கள். எதுவும் வீண் கிடையாது.

டிசைன்களில் பல 'அடின்க்ரா' என்ற பழைய அடையாளங்கள். கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கும் பறவை ஒன்று உண்டு. பெயர் 'சான்கோஃபா'. "விட்டு வந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்" என்று பொருள்.

அவள் கூலியில் கை வைக்காதீர்கள்

இந்த மாதிரி பட்டறைகளில் பெரும்பாலும் கூலி பீஸ் கணக்குதான். பத்து பீஸ் முடித்தால் பத்து பீஸுக்குக் காசு. நீங்கள் ஆசையாக, "நானும் ரெண்டு ஒற்றிப் பார்க்கிறேனே" என்று அச்சைக் கையில் வாங்குகிறீர்கள். கோடு கோணலாகப் போகிறது. போனது யாருடைய பீஸ்? பக்கத்தில் சிரித்துக்கொண்டே நிற்கும் அந்த அம்மாவுடையது!

அந்தக் காசில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது, யோசியுங்கள். பிள்ளையின் பள்ளிச் செலவு. வீட்டு வாடகை. கானாவில் 2003-ல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த தேசிய சுகாதாரக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அட்டையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கையில் காசு இருந்தால் அட்டை உயிரோடு இருக்கும். குழந்தைக்கு ஜுரம் என்றால் தயங்காமல் டாக்டரிடம் ஓடலாம். ஒரு தாயின் கூலிக்கும் ஒரு குழந்தையின் ஆரோக்கியத்துக்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

அச்சு ஒற்றிப் பழக ஆசையா? தாராளமாக! தனியாகக் காசு கொடுத்து, அந்தப் பெண்களையே டீச்சராக வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, உங்களால் என்ன முடியும்?

நிறைய முடியும். துணி, மெழுகு, சாயம், அடுப்புக்கரி எல்லாவற்றையும் கூட்டி விலை போடும் பெண்கள், தங்கள் உழைப்பு நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். (நம் வீட்டு முறுக்கு, அப்பள வியாபாரத்திலும் இதே கதைதானே!) ஒரு நோட்டுப் போட்டு அதைச் சேர்த்துக் காட்டலாம். ஆர்டர் வந்தால் எல்லாப் பீஸும் ஒரே நீலமாக இருக்கிறதா என்று சோதிக்கலாம். நிறம் மாறி, சரக்கு திரும்பி வந்தால் பல நாள் கூலி போச்சு. போட்டோ எடுப்பது, கடிதம் எழுதுவது, கம்ப்யூட்டர் கணக்கு, தையலில் அளவு பார்ப்பது... இதில் ஏதாவது ஒன்றாவது உருப்படியாகத் தெரிந்தால் கிளம்புங்கள்.

இரண்டு வாரத்துக்குப் போகாதீர்கள். ஊர் பழகவே அது போய்விடும். உங்களுக்கு வழிகாட்டவே அங்கே ஓர் ஆள் வேலையை விட்டு அலைய வேண்டியிருக்கும். இரண்டு, மூன்று மாதமாவது தங்குங்கள். கிளம்பும்போது உங்கள் வேலையை அங்கேயே ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

பட்டறையில் ஜாக்கிரதை

இது உங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான பாடம். சாயத் தொட்டியில் காஸ்டிக் சோடா இருக்கும். தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூடேறித் தெறிக்கும். கூடவே சேர்க்கும் சோடியம் ஹைட்ரோ சல்ஃபைட்டில் ஈரம் பட்டால் சூடாகித் தீப்பிடிக்கலாம், மூச்சை அடைக்கும் வாயு வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் தொட்டிப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ரப்பர் கையுறை, கண் கண்ணாடி, மூடிய செருப்பு அவசியம். வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும்.

மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பெரிதாகப் பற்றிக்கொள்ளும். தட்டுப் போட்டு மூடி அணையுங்கள். சாயப் பாத்திரம் ஒருநாளும் சமையலறைக்குள் வரக்கூடாது.

புறப்படும் முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கானாவுக்குள் நுழையவும் அது வேண்டும், நாடு திரும்பவும் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்! ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

மலேரியா அங்கே வருஷம் முழுக்க உண்டு. அதுவும் மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபேரம் வகை. பழைய குளோரோகுயின் மாத்திரையை நம்ப முடியாது. வேறு தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. எது உங்களுக்குச் சரி என்று டாக்டர் சொல்வார். கிளம்பும் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். மருந்தடித்த கொசுவலைக்குள் தூங்குங்கள். ஏரி, ஆற்றில் குளிக்காதீர்கள்; தோல் வழியே நுழையும் நத்தைக் காய்ச்சல் கிருமி அந்த நீரில் இருக்கலாம்.

சைவமா? அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த 'வாச்சே', காராமணிக் குழம்போடு பொரித்த வாழைப்பழம் தரும் 'ரெட் ரெட்' இரண்டும் ருசியானவை. ஆனால் குழம்பில் கருவாட்டுப் பொடி சேர்ப்பது அங்கே சகஜம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நம்மைப் போலவே அங்கேயும் இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதைக் குறைவு. உள்ளே நுழைந்ததும் பெரியவர்களுக்கு முதலில் வணக்கம். பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள். முன்னாள் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானின் 'கோஃபி'க்கு வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்று அர்த்தம். உங்கள் கிழமையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள்!

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* நான் கட்டும் பணத்தில் பட்டறைக்கு எவ்வளவு போகிறது?
* பெண்களுக்குக் கூலியை நிர்ணயிப்பது யார்? அவர்களுக்கும் அதில் பேச்சு உண்டா?
* ஆர்டருக்கு முன்பணம் தருகிறார்களா? (உலக நியாய வர்த்தக அமைப்பின் விதிப்படி, கைவினைஞர் கேட்டால் பாதித் தொகையாவது வட்டியில்லாமல் தர வேண்டும்.)
* எனக்கு என்ன வேலை? அதைச் செய்ய உள்ளூரில் ஆள் இல்லையா?
* என்ன வகை விசா எடுக்க வேண்டும்?
* உடம்பு முடியாவிட்டால் எந்த ஆஸ்பத்திரி? இன்ஷூரன்ஸ் உண்டா?

மழுப்பலான பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஊர் வந்து ஒரு வருஷத்துக்குள் எப்போது ஜுரம் வந்தாலும், "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று வீட்டு மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். "டாக்டர், நான் கானா போய் வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும்.